காய் வெந்த தண்ணீர்

எங்கள் வீட்டுச் சமையலறையில் குப்பைக்கூடை கிடையாது. பீற்றிக்கொள்ளவில்லை, போடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. சவ்சவ் தோலை உளுந்தும் மிளகாய் வற்றலும் வறுத்துச் சேர்த்துத் துவையல் அரைப்பேன். பூசணிக்காயின் நடுவில் இருக்கும் நாரும் விதையும் சட்னிக்குப் போகும். மிஞ்சின இட்லி மறுநாள் உப்புமா, மிஞ்சின குழம்பு மறுநாள் சுண்டக்குழம்பு. ஏலக்காய் உரித்தால் தொலி டீத்தூள் டப்பாவுக்குள் போய்விடும். சித்திரையில் ஒரு காற்று அடித்தால் போதும், தோப்புகளில் மாங்காய் உதிர்ந்து கிடக்கும். அடிபட்டதாகப் பார்த்து வாங்கி, சதையை வற்றலுக்கு நறுக்கிவிட்டுக் கொட்டையைக் கருவாட்டுக் குழம்பில் போடுவேன்.

என் வீட்டுக்காரர் குரங்கணி மலை ரோட்டில் ஜீப்பு ஓட்டியவர். காலையில் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவார். வெறுங்கையாக வந்ததில்லை. முற்றின பீன்ஸ், பாதி அழுகின முட்டைக்கோஸ், யாரும் சீந்தாத சவ்சவ் என்று ஏதாவது பையில் இருக்கும். அதிலிருந்தும் நான் இரண்டு வேளைக்கு ஒப்பேற்றிவிடுவேன். அவரும் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்குக் கிட்னி போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் பஸ்சு ஏறித் தேனிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறோம். ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். மாங்காய் ஆகாது, வாழைக்காய் ஆகாது, தேங்காய், தக்காளி, கீரை, கருவாடு எதுவும் ஆகாது. உப்பு கிள்ளிப் போட வேண்டும். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். முப்பது வருடமாக நான் எதையெல்லாம் சமைத்தேன் என்று வேவு பார்த்து எழுதினமாதிரி இருந்தது அந்தத் தாள்.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒரு கசாயம் சொன்னார்கள். ஒரு அம்மா நெருஞ்சி முள்ளைக் கட்டாகவே கொண்டுவந்து நீட்டியது. "மதினி, நீங்களே காய்ச்சிக் குடிங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். கோபம் அந்த அம்மா மேல் இல்லை. என் கையில் ஒன்றுமே இல்லை என்ற ஆத்திரம்.

டாக்டர் அம்மா சின்ன வயசு, பொறுமையாகப் பேசும். "காயப் பொடிசா நறுக்கி நெறைய தண்ணில வேக வைங்க. அப்புறம் அந்தத் தண்ணியக் கொட்டிருங்க" என்றது.

"சத்தெல்லாம் போயிருமே டாக்டர்."

"அந்தச் சத்துதாம்மா இவருக்கு ஆகாது."

எனக்குக் காதில் விழுந்தது. புத்தியில் ஏறவில்லை என்றுகூடச் சொல்ல மாட்டேன், ஏறத்தான் செய்தது. முதல் சில மாதம் ஒழுங்காகக் கொட்டினேன். கொட்டும்போது யார் வீட்டுச் சொத்தையோ களவாண்டு சாக்கடையில் விடுவது போல இருந்தது. அந்தக் காயைச் சாப்பிட உட்கார்ந்தவர் இரண்டு வாய் வைத்துவிட்டுத் தட்டை நகர்த்தினார். "என்ன புள்ள இது, துணிய அலசி வச்ச மாதிரி இருக்கு." நாளுக்கு நாள் சட்டை தோளில் நிற்காமல் நழுவியது. கன்னம் உள்ளே போனது. வியாதி அவரை விட்டுவைத்தாலும் பட்டினி விடாது என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

அன்றைக்குப் பீன்சும் கேரட்டும் வெந்தன. வடிகட்டிய தண்ணீர் வாசனையாக இருந்தது. கொட்டப்போன கை நின்றுவிட்டது. மிளகு, சீரகம், இரண்டு பல் பூண்டு தட்டிப் போட்டு அரை டம்ளர் ரசமாக இறக்கினேன். அவர் சோறு முழுவதும் சாப்பிட்டுத் தட்டை வழித்தார். எத்தனை மாதம் கழித்து. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அரை டம்ளர்தானே, என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். அவர் குடிக்கிற தண்ணீரில் அந்த அரை டம்ளரைக் குறைத்தும் விட்டேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

அரை டம்ளர் ஒரு டம்ளரானது. பத்து நாள் போயிருக்கும். ஒரு காலையில் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார், கால் அசையவில்லை. "நெஞ்சு ஒரு மாதிரி அடிக்குது" என்றார். ஆம்புலன்சில் ஏற்றித் தேனிக்குக் கொண்டுபோனோம். போன உடனே மிசினில் போட்டார்கள். கொஞ்சம் வெரசாக வந்ததால் தப்பித்தார் என்றார்கள்.

ரத்தப் பரிசோதனைத் தாளோடு டாக்டர் அம்மா வந்தது. முகத்தில் பழைய பொறுமை இல்லை. "ரத்தத்துல பொட்டாசியம் இவ்வளவு ஏறியிருக்கு. வீட்ல என்ன குடுத்தீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் படுக்கையிலிருந்து அவர் சொன்னார். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர். நாந்தான் திருட்டுத்தனமா மாம்பழம் தின்னுட்டேன்."

நல்ல திட்டு. சின்னப் பிள்ளையா நீங்கள், உங்கள் உயிரில் உங்களுக்கே அக்கறை இல்லையா, பாவம் அந்த அம்மா எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கூடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். சொல்லியிருக்கலாம். அந்த வெட்கம் இன்றைக்கும் எனக்குப் போகவில்லை.

டாக்டர் நகர்ந்ததும் கேட்டேன். "எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"நாலு பேரு முன்னாடி உன்னையத் திட்டுவாங்கள்ல."

"அது காய்த் தண்ணின்னு தெரியுமா?"

"முப்பது வருசம் உன் கையால சாப்பிட்டவனுக்கு எதுல ரசம் வச்சன்னு தெரியாதாக்கும்."

"தெரிஞ்சும் ஏன் குடிச்சீங்க?"

கையில் குத்தியிருந்த ஊசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சோறு எறங்குச்சுல்ல" என்றார்.

அடுத்த தடவை போனபோது டாக்டரைத் தனியாகப் பார்த்து உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளை திட்டவில்லை. என் கையைப் பிடித்து, "இனிமே கொட்டிருங்கம்மா" என்று மட்டும் சொன்னது.

மறுநாள் சவ்சவ் வேகவைத்தேன். அவர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மடியில் தட்டு. நான் காயை வடிகட்டி, தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினேன். ஆவி மேலே வந்தது. தண்ணீர் முழுவதும் சாக்கடைக்கு இறங்கிப் போகிறவரைக்கும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சரி, சோத்துக்கு என்ன ஊத்தப் போற?" என்று கேட்டார்.

அடுப்படியைச் சுற்றிப் பார்த்தேன். "தெரியலைங்க" என்றேன். அவர் தட்டை மடியில் வைத்தபடியே காத்துக்கொண்டிருந்தார்.