ஒட்டுக்குக் கீழே வேறொரு மரம்

மரத்தடி மண்ணும் எங்கள் அசெம்பிளி லைன் தரை மாதிரி பளிச்சென்று இருந்தால்தான் மரம் நன்றாக வளரும் என்று நம்பினேன். சிரிக்காதீர்கள். கீழே ஒரு நட்டு கிடந்தாலே சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் ஒரகடத்து கார் தொழிற்சாலை ஆசாமிக்கு, உதிர்ந்த இலை என்றால் குற்றம்தான்.

வல்லக்கோட்டைப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஆப்பிள் ஒட்டுக்கன்றுகள் வைத்தோம். வெயில் தாங்கும் ரகம், வேர் மட்டும் வேறு வேறு என்றார் நர்சரிக்காரர். சீக்கிரம் காய்க்கும் என்றதால் நான் குட்டை வேர்க் கன்றுக்குத் தாவினேன். மற்றது மனைவிக்கு. தினமும் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் என் மரத்தடியைப் பெருக்குவேன். சுற்றிலும் செங்கல் அடுக்கி மஞ்சள் பெயின்ட் வேறு. அவளோ தன் மரத்தடியில் வைக்கோல், சருகு, வெங்காயத் தோல் என்று கொட்டிவைப்பாள்.

“இன்னாங்க, ஆடிட்டுக்கு யார்னா வராங்களா?” என்பாள், என் துடைப்பத்தைப் பார்த்து.

சித்திரையில் போர் மோட்டார் தண்ணீருக்குப் பதில் காற்றைக் கக்கியது.

“வூட்டுக்கே தண்ணி பத்தல. இனிமே மரத்துக்கு நாலு நாளைக்கு ஒரு பக்கெட்டு தான். பொழைச்சா பொழைக்கட்டும்” என்றாள் மனைவி.

மூன்றாம் நாள் மதியம் என் மரம் தலை தொங்கி நின்றது. அவளுடையது பக்கத்திலேயே ஜம்மென்று நின்றது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஃப்ரிட்ஜிலிருந்த ஐஸ் ட்ரேயைக் கொண்டுபோய் வேரில் கவிழ்த்தேன், காஷ்மீர் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று. ஐஸ் கரைந்த தடம் பார்க்கப் பார்க்கக் காய்ந்தது. ஆம்புலன்ஸ் கேட்கிறவன் குரலில் நர்சரிக்காரருக்குப் போன் போட்டேன்.

“சார், பதறாதீங்க. ஒட்டுக்கு மேல கீறது தான் உங்க ஆப்பிள். கீழ கீறது வேற மரம். எவ்ளோ தண்ணி எடுக்கறதுன்னு அதுதான் முடிவு பண்ணுது. குட்டை வேரு ஆழமா போவாது, மேல் மண்ணுல தான் குடிக்கும். அந்த மண்ண நீங்க பெருக்கிப் பெருக்கி வெயில்ல காட்டினா அது இன்னா பண்ணும்? மூடி வைங்க.”

போனை வைத்துவிட்டு, திருடன் போல அவள் மரத்துச் சருகுக்குள் கையை விட்டேன். மேலே தரை காலைச் சுட்டது. உள்ளே மண் ஜில்லென்று, விரலில் ஒட்டும் ஈரத்தோடு இருந்தது. மூன்று நாளுக்கு முன் ஊற்றிய தண்ணீர் இன்னும் அங்கேயே. நூல் போல ஒரு வெள்ளை வேர் அந்த ஈரத்தில் ஓடியிருந்தது. சத்தம் இல்லை, அவசரம் இல்லை. அவ்வளவு உயரத்து இலைகளை அந்த நூல்கள் நிமிர்த்தி வைத்திருந்தன. கையை எடுக்கவே மனம் வரவில்லை.

“இன்னா, என் குப்பையத் திருடறீங்களா?” பின்னால் மனைவி.

“கொஞ்சம் வைக்கோல் குடு.”

“மஞ்சக் கோட்டுக்குள்ள குப்ப வரலாமா?” என்று கேட்டுக்கொண்டே அவளே அள்ளிப் போட்டாள். பாத்திரம் கழுவ வைத்திருந்த பக்கெட் தண்ணீரையும் அன்றைக்கு மட்டும் ஊற்றினாள்.

அதன் பிறகு நான்கு நாளுக்கு ஒரு பக்கெட் போதுமானதாக இருந்தது. என் மரம் பாதி இலையை உதிர்த்துவிட்டுப் பிழைத்தது. ஆப்பிள் ஒன்றுகூடக் காய்க்கவில்லை.