மூட்டத்தில் போன ஈக்கள்

அன்று காலை கடைக்குப் பின்னாலிருந்த அறை வாசலில் நின்றவர்கள் நைனா, அண்ணன், நான். அம்மா இல்லை, சிங்கவரத்தில் மல்லாக்கொட்டை பிடுங்கப் போயிருந்தாள். இருந்திருந்தால் எங்கள் சண்டையைக் குறுக்கே விழுந்து தடுத்திருப்பாள்.

அண்ணனுக்குச் செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் வாழைப்பழக் கடை. அந்த அறையில் தார்களை அடுக்கி, உள்ளே புகையை ஊதி, கதவிடுக்கில் சேறு பூசி அடைத்துவிடுவான். மூட்டம் என்பார்கள், பழம் சீக்கிரம் பழுக்கும். எங்கள் வீடு தகரக் கூரை. மூட்டம் இல்லாத நாளில் அந்த அறைதான் குளிர்ச்சி. நான் ஆராய்ச்சி செய்யும் ஆய்வகத்தில் ஏசி பழுதானதால் ஊருக்குக் கொண்டுவந்த, பழ ஈக்கள் வளரும் என் குழாய்களை, முந்தின நாள் நைனாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, அங்கே மேல்பலகையில் வைத்திருந்தேன்.

காலையில் போனால் கதவில் ஈரச் சேறு.

“ண்ணா, உள்ள என் டியூப் இருக்குது!”

“பாத்தேன். ஈ மொய்க்குதுன்னு கஸ்டமர் காறித் துப்பிட்டுப் போறான். நீ அத்த சோறு போட்டு வளக்குறியா?”

“எடுத்து வெளிய வெச்சிருக்கலாம் இல்ல?”

“எனுக்கு இன்னா தலையெழுத்து?”

“அதுல அப்பிடி இன்னாடா இருக்குது?” என்றார் நைனா.

சொன்னேன். ஈயின் உடம்பில் பூஞ்சை நுழைந்தால், ரத்தத்தில் மிதக்கும் சிறு புரதம் ஒன்று வெட்டுப்பட்டு, செல்லின் மேல் போய் ஒட்டிச் செய்தி சொல்லும். அதன் பிறகுதான் செல் பூஞ்சையைக் கொல்லும் மருந்தைச் சுரக்கும். என் ஈக்களுக்கு அந்தப் புரதமே கிடையாது. செய்தி வேறு வழியில் போகிறதா என்று தேடுவதுதான் என் ஆராய்ச்சி. இந்தக் குழாய்கள் போனால் அதுவும் போச்சு.

“அப்ப சீக்கு ஈ,” என்றான் அண்ணன். “அத்த எங் கடையில கொண்டாந்து வெச்சிருக்கே. படிச்ச கழுத.”

“சீக்கு இல்ல. சீக்கு வந்தா தாங்காது. அதுகூட புரியாத உங்கிட்ட...”

“புரியாதவன் வித்த பழத்துலதான்டா நீ ஃபீஸ் கட்னே. கதவத் தொட்டே, கைய ஒடச்சிடுவேன். நாளைக்குப் பௌர்ணமி. திருவண்ணாமல கூட்டத்துக்கு வெச்ச தாரு.”

கடப்பாறையால் சேற்றைப் பெயர்த்தேன். அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்ததில் பட்டன்கள் தெறித்தன, நைனா கத்தினார். கதவு திறந்ததும் புகை முகத்தில் அடித்தது. குழாய் வாயின் பஞ்சு அடைப்பைத் தாண்டியும் புகை இறங்கியிருந்தது. குழாய்களைத் தட்டினேன், குலுக்கினேன். அடியிலிருந்த தீனிக் கூழில் ஒட்டிக் கிடந்த ஈக்களில் ஒன்றின் காலும் அசையவில்லை.

பாதியில் திறந்த மூட்டம் கெட்டது. தார்கள் அரைகுறையாக நின்று கறுத்துப்போயின. பௌர்ணமிக்கு ஒரு சீப்பும் தேறவில்லை. அண்ணன் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. நானும் அவன் கடைப்பக்கம் போவதில்லை. அதே வகை ஈயை வெளிநாட்டிலிருந்து மறுபடி வரவழைக்கும் செலவை ஆய்வகம் என் தலையில் கட்டியது. தார் நஷ்டத்தையும் சேர்த்து, கறவை மாட்டை விற்று நைனா கொடுத்தது முப்பத்தோராயிரம் ரூபாய்.