செல்வத்துக்கு ஒரு ஸ்டியரிங்: காஜா பெராங்கிலிருந்து இம்பிக்குக் கணினிப் பாகம் வாங்கப் போன கதை

கோயில், கடற்கரை, சாப்பாடு என்றுதான் இந்த வலைப்பதிவில் இதுவரை எழுதியிருக்கிறேன். இந்த முறை போனது ஒரு கணினிக் கடைவளாகத்துக்கு. சிரிக்காதீர்கள். மெர்டேக்கா சுதந்திர தின விடுமுறையோடு சேர்ந்து வந்த சனிக்கிழமை காலையில் மலாக்கா காஜா பெராங்கிலிருந்து கிளம்பி, கோலாலம்பூர் இம்பியில் ஒரு கேமிங் கணினிக்கு வேண்டிய அத்தனை பாகங்களையும் வாங்கிக்கொண்டு, அன்றைக்கே திரும்பினோம். போக வர முந்நூறு கிலோமீட்டர். எனக்கு வயது நாற்பத்திரண்டு. இதுதான் நானே பூட்டும் முதல் கணினி. ஒரு வாரமாகவே எனக்குக் கால் தரையில் இல்லை.

ஏன் இந்த வயதில் இந்த ஆசை என்று கேட்பீர்கள். ஆசை எனக்காக இல்லை, என் வீட்டுக்காரர் செல்வத்துக்காக. பதினாறு வருடம் ஈப்போ வரை லாரி ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன் சர்க்கரை அவருடைய வலது கண்ணைக் கொண்டுபோய்விட்டது, கூடவே லாரி லைசென்ஸையும். ஒரு கண்ணால் பார்த்தால் எல்லாம் தெரியும், ஆனால் எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பிடிபடாது. ஒரு நாள் எங்கள் சின்னக் காரை, எங்கள் ஊர்ப் பேச்சில் காடியை, எடுக்கும்போது அடுத்த வீட்டு கேட்டில் இடித்துவிட்டார். சாவியை என் கையில் வைத்தவர்தான், அதற்குப் பிறகு எந்த ஸ்டியரிங்கையும் தொடவில்லை. பேச்சும் குறைந்துபோனது. நான் ஆயர் குரோ தொழிற்சாலையில் மின்சுற்றுப் பலகை சோதிக்கிற வேலை பார்க்கிறேன். வேலை முடிந்து வந்தால், டிவி ஓடிக்கொண்டிருக்கும், அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்.

கூட வேலை செய்யும் ஒருத்தி தன் கைப்பேசியில் ஒரு கணினி விளையாட்டின் வீடியோவைக் காட்டினாள். லாரி ஓட்டும் விளையாட்டு. சரக்கு ஏற்றி, ஐரோப்பிய நெடுஞ்சாலையில் போய், இறக்க வேண்டும். அவ்வளவுதான், எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. போனஸ் பணம் 3,600 வெள்ளியை, அதாவது ரிங்கிட்டை, அப்படியே எடுத்து வைத்தேன். இவரிடம் சொன்னால், "சின்னப் புள்ளைங்க வெளையாட்டு. காச கரியாக்காத வாணி" என்றார். "நீங்க வெளையாட வேணாம். சாமான் தூக்க ஆள் வேணும், வாங்க" என்று இழுத்துக்கொண்டு கிளம்பினேன். வாய்தான் பேசியது, உள்ளுக்குள் பயம். இவர் அதில் உட்காராவிட்டால் இவரைத் தேற்ற என்னிடம் வேறு யோசனை எதுவும் இல்லை.

காலை 7.10க்கு வாடகைக் காடி வந்தது. மலாக்கா சென்ட்ரல் பேருந்து நிலையம் எங்கள் வீட்டிலிருந்து மூன்றரை கிலோமீட்டர், 8 வெள்ளி. இரண்டு ரொட்டி சானாயோடு பசியாறிவிட்டு 8 மணி பஸ்ஸில் ஏறினோம். டிக்கெட் ஆளுக்கு 15 வெள்ளி. விடுமுறைக் கூட்டம், ஆகவே முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். எங்களுக்கு டிரைவருக்கு நேர் பின்னால் இடம் கிடைத்தது.

ஆயர் குரோ டோல் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் இவருடைய கால்களைக் கவனித்தேன். டிரைவர் பிரேக் அடிக்கும்போதெல்லாம் இவர் வலது காலும் தரையை அழுத்தியது. சிம்பாங் அம்பாட், பெடாஸ் லிங்கி, சிரம்பான் என்று ஊர்ப் பலகைகள் போய்க்கொண்டிருந்தன. சிரம்பான் பக்கம் ஜாமில் நின்றபோது டிரைவர் கண்ணாடியில் இவரைப் பார்த்தார். நம்ம ஆள்தான்.

"அண்ணே, லாரியா பஸ்ஸா?"

"லாரி" என்றார் இவர்.

"தெரியுது லா. மலாக்காலேருந்து என்கூடவே பிரேக் புடிச்சிட்டு வர்றீங்களே!"

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள், நானும்தான். இவர் காலை இழுத்து இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிவிட்டார். ஏன்டா சிரித்தோம் என்று ஆகிவிட்டது எனக்கு.

10.15க்கு பண்டார் தாசிக் செலாத்தான் நிலையம். அங்கிருந்து ரயிலில் ஹங் துவா, இறங்கி மோனோரெயில் பிடித்தால் இம்பி. எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம், ஆளுக்கு 5 வெள்ளிக்குள். காடியில் போகலாமே என்று நினைக்காதீர்கள், அந்தப் பகுதியில் பார்க்கிங் தேடியே ஆயுசு போய்விடும்.

கடைவளாகத்துக்குள் நுழைந்ததும் எனக்கு வாய் மூடவில்லை. மாடி மாடியாகக் கணினி. கண்ணாடிப் பெட்டிக்குள் ஊதா, பச்சை, சிவப்பு என்று விசிறிகள் சுற்றுகின்றன. தீபாவளிக்கு முந்தின வாரம் துணிக்கடைக்குள் போன மாதிரி இருந்தது. நான் மூன்று மாதம் உட்கார்ந்து வீடியோ பார்த்துத் தயாரித்த பட்டியல் பைக்குள் இருந்தது. அதில் 1,650 வெள்ளிக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு, பொத்தான் அழுத்தி விளையாட 120 வெள்ளிக்கு ஒரு கைப்பிடிக் கருவி. பட்டியலைப் பார்த்தால் கடைக்காரர்களே அசந்துபோவார்கள் என்ற திமிர் வேறு.

இரண்டாம் மாடியில் ஒரு கடையில் தேவி என்ற பெண் நின்றாள், கிள்ளான்காரி. என் பட்டியலை ஒரு பார்வை பார்த்தாள்.

"அக்கா, யாரு வெளையாடப் போறது? என்ன கேம்?"

சொன்னேன். இவர் அப்போது எதிர்க்கடையில் கைப்பேசி உறைகளை ஏதோ உலகத்தில் இல்லாத அதிசயம் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். தேவி பேனாவை எடுத்து என் கிராபிக்ஸ் கார்டை ஒரே கோடாக அடித்தாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

"லாரி கேமுக்கு இவ்ளோ பெரிய கார்டு வேஸ்ட் லா அக்கா. அது பிராசசரத்தான் ரொம்ப வேலை வாங்கும். நீங்க எழுதின பிராசசர் நல்லாருக்கு, அத விட்டுறாதீங்க. கார்ட 1,050க்கு எறக்குங்க. மிச்சத்துல ஸ்டியரிங் வாங்குங்க. லாரி ஓட்டினவருக்குக் கைப்பிடிய குடுத்தா அவரு எப்படி வெளையாடுவாரு?"

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. மூன்று மாதம் படித்த எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள்! மானிட்டருக்குப் பதில் வீட்டு டிவி என்று கணக்குப் போட்டேன், விசிறிக்கு என்ன நிறம் என்றுகூட முடிவு செய்தேன், பதினாறு வருடம் ஸ்டியரிங் பிடித்த கை எதைப் பிடிக்கும் என்று யோசிக்கவே இல்லை.

தேவி இரண்டு ஸ்டியரிங் எடுத்து வைத்தாள். ஒன்று 390 வெள்ளி, முழுதாக ஒரு சுற்றுகூடச் சுற்றாது. இன்னொன்று 680 வெள்ளி, மூன்று பெடலோடு. விலையைப் பார்த்து நான் முதலாவதைக் கையில் எடுத்தேன்.

"அது வேணாம்."

திரும்பினால் இவர் என் பின்னாலேயே நிற்கிறார். "லாரி அவ்ளோ சீக்கிரம் மடங்காது. அந்தப் பெரிசு எத்தன சுத்து சுத்தும்?"

"ரெண்டரை சுத்து அண்ணே."

"லாரிக்கு அதுவே பத்தாது. ஆனா பரவால்ல."

சொல்லிவிட்டு மறுபடி கைப்பேசி உறை பார்க்கப் போய்விட்டார். ஐயோ, எனக்கு அந்தக் கடையிலேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. தொட்டுப் பார்க்கவில்லை, சரி. ஆனால் இரண்டு வருடத்தில் தானாக வந்து வாயைத் திறந்தது அன்றைக்குத்தான்.

பிராசசர் 560, மதர்போர்டு 430, பதினாறு ஜிபி ராம் 170, எஸ்எஸ்டி 260, பவர் சப்ளை 210, பெட்டி 160. கார்டும் ஸ்டியரிங்கும் சேர்த்து மொத்தம் 3,520 வெள்ளி. இரண்டு மணிக்குள் முடித்து, 3.30 பஸ் பிடித்தோம். பிராசசர் பெட்டியை மட்டும் நான் கைப்பையில் வைத்து மடியிலேயே கொண்டுவந்தேன். ஆறு மணிக்கு வீடு.

மறுநாள் ஞாயிறு காலை ஏழரைக்கு எழுந்து, பாகங்களில் நிலைமின்சாரம் பாயாமல் தடுக்கும் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு, பெரிய என்ஜினியர் மாதிரி முன்னறைக்கு வந்தேன். ஊதுபத்தி வாசம். இவர் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு நிற்கிறார். மேசையில் பாகங்கள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. பெட்டிக்குச் சந்தனம், குங்குமம். ஸ்டியரிங்குக்குச் சந்தனம், குங்குமம். பெட்டியின் நான்கு காலுக்கு முன்னாலும் நான்கு எலுமிச்சம்பழம். உறையிலிருந்து எடுத்து வைத்த பிராசசர், தங்கப் புள்ளிகள் உள்ள பக்கம் மேலே பார்த்தபடி, நட்டநடுவில் ஈரச் சந்தனப் பொட்டோடும் குங்குமத்தோடும் இருக்கிறது.

"அய்யய்யோ! என்னங்க பண்ணிட்டீங்க!"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் பிராசசர் மதர்போர்டோடு பேசும். தொழிற்சாலையில் அந்தப் பக்கத்தில் விரல் பட்டாலே எங்களுக்குத் திட்டு விழும்.

இவர் திகைத்துப் போனார். "புது வண்டிக்குப் பூசை போடாம எப்படி எடுக்கறது? அந்தப் பக்கம் தங்கமா மின்னுச்சு. அதான் முகம்னு நெனச்சேன்."

560 வெள்ளி, பொட்டு வைத்ததற்கு எந்தக் கடையும் மாற்றித் தராது. திட்ட வாயைத் திறந்தேன். அப்போதுதான் இவர் சொன்னது மண்டையில் ஏறியது. புது வண்டி என்கிறார்! எனக்கு முன்னால் எழுந்து, குளித்து, பழம் தேடி எடுத்து, என் கணினியை வண்டியாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார் மனிதர். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "எலுமிச்சம்பழத்த மட்டும் வாசல்ல வச்சு நசுக்குங்க, சாறு உள்ள போயிடும்" என்று மட்டும் சொன்னேன்.

சுத்தமான ஆல்கஹாலும் நூல் உதிராத துணியும் வேலை காரணமாக என்னிடம் எப்போதும் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு புள்ளியாகத் துடைத்தேன். முக்கால் மணி நேரம். பிறகு பூட்டினேன். பதினொன்றரைக்கு சுவிட்சைத் தட்டினால் விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. அரை நிமிடம். ஒரு நிமிடம். சுவிட்சை அணைக்கக் கையை நீட்டினேன்.

"இரு வாணி" என்றார் இவர். "டீசல் இஞ்சின்னு நெனச்சுக்க. சூடேறட்டும்."

இன்னும் கொஞ்ச நேரத்தில் திரையில் எழுத்து வந்தது. நான் கத்தின கத்தலில் அந்த நாய் மறுபடி குரைத்தது.

விளையாட்டு இணையத்திலிருந்து இறங்க இரண்டு மணி நேரம் பிடித்தது. அதற்குள் உங்களுக்கு நான்கு வார்த்தை. பட்டியல் போடுவதற்கு முன் யார் விளையாடப் போகிறார், என்ன விளையாட்டு என்று முடிவு செய்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். கடை திறக்கும் நேரத்துக்குப் போனால் பேசுவதற்கு ஆள் கிடைக்கும், மதியத்துக்கு மேல் கூட்டம் தள்ளும். முதல் முறை உயிர் வர ஓரிரு நிமிடம் ஆகலாம், என்னைப் போலப் பதறாதீர்கள். பூசை போடுங்கள், தாராளமாகப் போடுங்கள், பெட்டியின் வெளிப்பக்கத்தில்.

ஒன்றரைக்கு ஸ்டியரிங்கை மேசையில் இறுக்கினேன். நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, ஒன்றும் கேட்காமல் அடுப்படிக்குப் போனேன். கேட்டால் வேண்டாம் என்றுவிடுவாரோ என்று பயம். வெங்காயம் நறுக்கிக்கொண்டே காதை மட்டும் அங்கே வைத்திருந்தேன். நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு இஞ்சின் சத்தம்.

கத்தியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பின்னால் நின்றேன். லாரி மெதுவாக நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தது. வலதுபக்கக் கண்ணாடியைப் பார்க்க இவர் முழுத் தலையையும் திருப்பினார். முன்னால் போன காடிக்குப் பின்னால் பிசகாத இடைவெளி. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். ஓரிடத்திலும் இடிக்கவில்லை.

"வாணி, ஒரு கண்ண மூடு."

"எதுக்குங்க?"

"மூடிட்டு ரோட்டப் பாரு."

வலது கண்ணைப் பொத்திக்கொண்டு திரையைப் பார்த்தேன். கையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். மறுபடி பொத்தினேன். சாலை அதே சாலை, காடி அதே தூரத்தில்.

"ஒண்ணும் மாறலியே" என்றேன்.

"மாறாது. படம் தட்டையா இருக்கு இல்ல? ரெண்டு கண்ணு இருக்கறவனுக்கும் இங்க இவ்ளோதான் தெரியும்" என்றார் செல்வம், சாலையிலிருந்து பார்வையை எடுக்காமல். "சோறு ஆனா கூப்பிடு. ஈப்போவுல சரக்கு எறக்கிட்டு வந்துர்றேன்."

அந்த விளையாட்டில் ஈப்போ இல்லை. நான் சோறு வைக்கப் போனேன்.