ஆர்ட்டெமிஸ் ஏன் பன்றியை அனுப்பினாள்?

கிரேக்கக் கடவுள்களோடு மல்லுக்கட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஜீயசுக்கு யார் மேல் எப்போது ஆசை வரும் என்று அவருக்கே தெரியாது. அவர் மனைவி ஹீரா அம்மாளுக்கு நாள் முழுக்கச் சந்தேகம். கடலை ஆளும் போசைடனுக்கு மூக்குக்கு மேல் கோபம். கப்பலைக் கவிழ்த்துவிட்டுத்தான் காரணத்தையே யோசிப்பார். இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு, ஜவ்வாது மலையில் ஓர் ஓட்டு வீட்டில், சாமைச் சோறு குழைந்துவிடாமல் ஒரு கண்ணால் அடுப்பையும் பார்த்தபடி நான் ஒரு நாவல் எழுதினேன்.

வரலாறும் மாயமும் கலந்த நாவல். யவன வணிகன் ஒருவன் தமிழ்க் கரைக்கு வருகிறான். அவன் கடவுள்களும் டிக்கெட் எடுக்காமல் அதே கப்பலில் ஒளிந்து வந்துவிடுகிறார்கள். வணிகன் எங்கள் மலையடிவாரத்தில் நிலம் வாங்கித் திராட்சை போடுகிறான், தானியம் விதைக்கிறான். முதல் அறுவடையில் எல்லாக் கடவுளுக்கும் படையல் வைத்தவன், காட்டுக்கும் வேட்டைக்கும் தேவியான ஆர்ட்டெமிஸை மட்டும் மறந்துவிடுகிறான். அவள் ஒரு ராட்சதக் காட்டுப்பன்றியை ஏவி அவன் நிலத்தை நாசம் பண்ணுகிறாள். கிரேக்கர்களிடம் ஏற்கெனவே இருக்கிற கதைதான் இது. அங்கே மறந்தவன் ஒரு ராஜா. நான் பன்றியை மட்டும் நம்ம பக்கம் ஓட்டிக்கொண்டு வந்தேன். ஓட்டாவிட்டாலும் குறையில்லை, இங்கே பன்றிக்கா பஞ்சம்?

பதிப்பகத்து எடிட்டருக்கு எல்லாம் பிடித்திருந்தது, அந்த அத்தியாயத்தைத் தவிர. எங்கள் வீட்டில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். ஏறிப் பேசினால் ஊருக்கே கேட்கும்.

“மேடம், மோட்டிவ் வீக்கா இருக்கு. ஒரு பிடி தானியம் வைக்க மறந்ததுக்கா ஒரு தேவி இவ்ளோ பண்ணுவா? வாசகர் நம்ப மாட்டாங்க. அந்த வணிகன் மேல அவளுக்கு ஒரு காதல் இருந்ததா வச்சிக்கலாமே?”

எனக்கு வந்ததே கோபம்! ஆண் துணையே வேண்டாம் என்று சத்தியம் பண்ணிவிட்டு வில்லோடு காட்டுக்குப் போனவள் ஆர்ட்டெமிஸ். அவள் தலையில் காதலைக் கட்டினால் அடுத்த பன்றி எனக்குத்தான் வரும். “பன்றிக்கு நான் பொறுப்பு சார், யோசிச்சுச் சொல்றேன்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன்.

யோசிக்கவும் செய்தேன். அப்பா ஜீயசுக்குத் தன் பலத்தைக் காட்டுகிறாள் என்று எழுதிப் பார்த்தேன். படித்தால் கட்சி மாநாட்டுத் தீர்மானம் மாதிரி இருந்தது. அவள் இயற்கையின் குறியீடு என்று இன்னொரு விதமாக எழுதினேன். எனக்கே கொட்டாவி வந்தது. கடைசியில் வீட்டுக்காரரிடம் கேட்டேன். இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த விவசாயி, பன்றி விஷயத்தில் அனுபவஸ்தர்.

“பன்னிக்குப் பசி, வந்துச்சு. இதுல சாமி எங்க வந்துச்சு?” என்றார்.

“உங்ககிட்ட போய்க் கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.”

பாவம், அவருக்குக் கதை கேட்கிற மனநிலை இல்லை. அறுவடை முடிந்ததிலிருந்து அவருடைய அக்கா எங்களோடு பேச்சை நிறுத்தியிருந்தார்.

என் நாத்தனார் அவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அம்மாவை இழந்த வீட்டில் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். நான் திருப்பத்தூரிலிருந்து மலைக்கு மருமகளாக வந்தபோது, இந்தக் கீழ்நாட்டுப் பெண் எத்தனை நாளைக்குத் தாங்குவாள் என்று ஊரே வேடிக்கை பார்த்தது. அண்ணி மட்டும்தான், “கதை எழுதறியாமே? நீ எழுது, சோத்த நான் வடிக்கிறேன்” என்றார். அப்படிப்பட்டவரை எனக்குப் பிடிக்காமல் போகுமா?

கல்யாணமாகிக் கூப்பிடு தூரத்தில் அடுத்த ஊருக்குப் போனவர்தான். ஆனாலும் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சாமையைக் களத்தில் அடித்ததும் அண்ணி வருவார். முதல் படியைத் தன் கையால் அளந்து மடியில் கட்டிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் எங்கள் உலையில் புதுச் சாமை விழும். இந்த முறை மழை மிரட்டியதால் மிஷின் வைத்து அவசரமாக அடித்தோம். விதைக்கு ஒரு கூடை எடுத்துவைத்ததோடு சரி, மூட்டைகள் களத்திலிருந்தே வேன் ஏறி ஆலைக்குப் போய்விட்டன. அப்புறம்தான் இவருக்கு அக்கா பங்கு ஞாபகம் வந்தது. ஆலையில் தீட்டிப் பளபளவென்று அடைத்த பாக்கெட் ஒன்றை வாங்கிக்கொண்டு போய், பைக்கை விட்டு இறங்காமலே அக்கா கையில் கொடுத்துவிட்டு வந்தார். கல் இல்லாத சாமை, அக்காவுக்குப் புடைக்கிற வேலை மிச்சம் என்று ஒரே பெருமை வேறு.

மறுநாள் அந்தப் பாக்கெட் மினி பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்து திரும்பி வந்தது. நடந்தே வந்து கொடுக்கிற தூரம்தான். நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான் பஸ் ஏற்றியிருக்கிறார்.

ஒரு பாக்கெட் போதவில்லை போலிருக்கிறது என்று இவர் ஒரு பெட்டி நிறையப் பாக்கெட் அனுப்பினார். பெட்டி திரும்பியது. ஒடுகத்தூருக்குப் போய் நல்ல புடவையாக எடுத்து அனுப்பினார். அதுவும் மடிப்புக் கலையாமல் திரும்பியது. ஊர்ப் பெரியவரைத் தூது அனுப்பினோம். அண்ணி அவருக்கு டீ போட்டுக் கொடுத்து, மழை தண்ணியைப் பற்றிப் பேசி, வழியனுப்பி வைத்தார். எங்கள் மகளுக்குக் காது குத்த நாள் பார்த்து இரண்டு முறை தள்ளிப்போட்டாயிற்று. “எங்க அக்கா வராம எம் பொண்ணு காதுல ஊசி படாது” என்று இவர் ஒரே பிடியாக நின்றார். ஒருநாள் மாட்டுக் கொட்டகையில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தூசி என்றார்.

அதற்குள் புளி சீசன் வந்துவிட்டது. எங்கள் பக்கம் புளி தட்டிக் கொட்டை எடுப்பது மாற்று வேலை. இன்றைக்கு உங்கள் வீட்டுப் புளி, நாளைக்கு எங்கள் வீட்டுப் புளி. அதில் சண்டைக்கெல்லாம் விதிவிலக்குக் கிடையாது. பேச்சே இல்லாத வீடானாலும் முறை வந்தால் வந்து தட்டிக் கொடுத்தே ஆக வேண்டும். அதனால் எங்கள் முறை வந்த அன்று அண்ணியும் வந்தார். கையோடு பச்சை மூடி போட்ட ஒரு பெரிய பாட்டிலில் தண்ணீரும் கொண்டுவந்தார். எங்கள் வீட்டுத் தண்ணீர் அவர் தொண்டையில் இறங்காதாம்! எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, கட்டையை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். தட்டின தட்டில் புளிக்கே வலித்திருக்கும்.

பக்கத்து வீட்டு அக்காதான் பேச்சைத் தொடங்கினார். அவருக்குத் தொண்டையில் ஒலிபெருக்கி. “ஏம்மா, அன்னிக்குத் தொட்டி மேல ஏறி நின்னுகினு பன்னி பன்னின்னு கத்தினியே, இன்னா அது? படி, கேப்போம்.”

செல்போனில் இருந்த அத்தியாயத்தை வாசித்தேன். பெண்கள் தட்டிக்கொண்டே கேட்டார்கள்.

“பன்னி எவ்ளோ பெருசும்மா?”

“யானைக்குட்டி அளவு.”

“சும்மா வுடாத!”

“கரண்டு வேலி போட்டிருக்கலாமே அந்த ஆளு?”

“ஃபாரஸ்ட்டுக்காரன் வுடுவானாடி? தூக்கி உள்ள வச்சிருவான்.”

விட்டால் வணிகனுக்கு ஜாமீன் எடுக்கிறவரைக்கும் போவார்கள் போலிருந்தது. “அதெல்லாம் இருக்கட்டும். அவ எதுக்குப் பன்றிய அனுப்பினா? அத மட்டும் சொல்லுங்க” என்றேன்.

“திமிருதான், வேற இன்னா?” என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

அப்போதுதான் அண்ணியின் குரல் வந்தது. திரும்பவில்லை. புளியைப் பார்த்துக்கொண்டே பக்கத்து வீட்டு அக்காவிடம், “ஏண்டி, உங்க கதைக்காரியக் கேளு. சாமிய மறந்துட்டோம்னு அந்த ஆளுக்கு எப்பத் தெரிஞ்சிதாம்?” என்றார்.

நானும் பக்கத்து வீட்டு அக்காவிடமே சொன்னேன். “பன்றி வந்த அன்னிக்கே பூசாரி சொல்லிட்டான்னு சொல்லுங்கக்கா.”

“பூசாரி சொல்லிட்டானாம்” என்றார் நடுவில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா. அண்ணிக்கும் எனக்கும் இடையில் இரண்டு முழத் தூரம்தான் இருந்தது.

“தெரிஞ்ச பொறவு இன்னா பண்ணானாம்?”

“ஊர்ல இருக்கிற வீரனையெல்லாம் கூட்டினு போய்ப் பன்றிய வேட்டையாடினான்.”

“அப்பால?”

“தேவிக்குப் பெரிய கோயில் கட்டறேன், பொன்னுல சிலை வைக்கிறேன்னு வேண்டிக்கிட்டான்.”

“அந்த ஒரு பிடி தானியம்? அத வச்சானா?”

செல்போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். எழுதினவளே நான்தான், எனக்குத் தெரியாதா? எங்கேயும் இல்லை. “வைக்கல” என்றேன்.

அண்ணி கட்டையைக் கீழே போட்டார்.

“வைக்கலியா? ஊரே ஈட்டிய எடுத்துகினு பன்னி பின்னால ஓடிச்சு. ஒருத்தனாவது, ஒரு பிடி தானியத்த எடுத்துகினு அவ வாசலுக்குப் போவலியா? அவ இன்னா பொன்னக் கேட்டாளா, கோயிலக் கேட்டாளா? தோட்டத்த அழிக்கவா பன்னிய அனுப்புனா? நானும் ஒருத்தி இங்க கீறேன்டா, வந்து பாருங்கடான்னு சொல்லத்தான் அனுப்புனா. அவளே வாயத் தொறந்து கேட்டா அது பிச்சையாப் பூடும். கேக்காம குடுத்தாத்தான் அவ பங்கு.”

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. எப்போது திரும்பினார் என்று தெரியவில்லை, நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா பழக்க தோஷத்தில், “அவுங்க இன்னா சொல்றாங்கன்னா…” என்று என் பக்கம் ஆரம்பித்து, சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

அந்த அத்தியாயத்தை இப்போது மாற்றிவிட்டேன். வணிகன் ஈட்டியைப் போட்டுவிட்டு ஒரு பிடி தானியத்தோடு காட்டுக்குள் நடக்கிறான். எடிட்டரும் காதல் பேச்சை அதோடு விட்டுவிட்டார். ஆனால் அன்றைக்கு எனக்கு நாவல் ஞாபகமே இல்லை. புடவையும் பெட்டியும் தூதும் அனுப்பிக்கொண்டிருந்த எங்கள் வீட்டைத்தான் நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர் காலையிலிருந்து பின்பக்கம் மருந்தடிக்கிற மிஷினைப் பழுது பார்ப்பதாகப் பாவனை பண்ணிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. உள்ளே எதையோ நகர்த்துகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் விதைச் சாமைக் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். கூடைக்குள் இரும்புப் படி. அக்கா முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே குந்தினார்.

“எக்கா. நீயே அளந்துக்கோ.”

அண்ணி கூடைக்குள் எட்டிப் பார்த்தார். “வெதச் சாமையாடா இது?”

“ஆமாங்க்கா.”

“வெதைய எங்கிட்ட குடுத்துட்டு ஆடியில இன்னாத்த வெதைப்ப? மண்ணாங்கட்டியா? அறிவு கீதா உனக்கு? பைக்க வுட்டு எறங்கக்கூட நேரமில்ல தொரைக்கு!”

திட்டு வாங்கிக்கொண்டே இவர் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. இந்த முறை தூசி என்று சொல்லவில்லை.

அண்ணி கையிலிருந்த புளிப்பிசுக்கை முந்தானையில் துடைத்தார். படியை எடுத்துத் தலை தட்டாமல் கோபுரமாக அளந்தார். அதிலிருந்து ஒரு பிடியை மறுபடி கூடைக்குள் போட்டு, “வெதைக்கு” என்றார். மிச்சத்தை மடியில் கொட்டி முடிந்துகொண்டார். பக்கத்து வீட்டு அக்காகூடச் சத்தம் போடாமல் மூக்கை உறிஞ்சினார்.

“பாப்பாவுக்குக் காது குத்து எப்ப வச்சிருக்கீங்க?” என்று அண்ணி தம்பியைக் கேட்டார்.

“நீ சொல்ற நாளுதாங்க்கா.”

“ம்” என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். “ஏ கதைக்காரி, தொண்ட காயுது. தண்ணி கொண்டா.”

அவர் பக்கத்திலேயே பச்சை மூடி பாட்டிலில் முக்கால்வாசித் தண்ணீர் அப்படியே இருந்தது. நான் அதைப் பார்க்காதது மாதிரி உள்ளே ஓடிப் போய்ச் சொம்பு நிறைய மொண்டு வந்தேன். அண்ணி அண்ணாந்து, நடுவில் மூச்சுகூட விடாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.