கூண்டுக்குள் எரிந்த அகல்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் என் கணவரும் அவருடைய கல்லூரி நண்பரும் எங்கள் வீட்டு மேஜையில் ஒரு கதை விளையாட்டு ஆடுவார்கள். நண்பர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை முடிவு செய்யும். ஆள் போதாமல் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். குகைக்குள் தீப்பந்தம் ஏந்திப் போகும் பெண் நான். சில வாரங்களிலேயே அவள் மேல் எனக்குப் பாசம் வந்துவிட்டது. குழந்தை பிறந்த பிறகு நான் தனியாகப் போய்வந்த ஒரே இடம் அந்தக் குகைதான்.

பந்தம் எவ்வளவு நேரம் எரியும் என்று கணக்கு வைக்க முதலில் தீக்குச்சிகளை அடுக்கினார்கள். ஒன்றை என் ஒன்றரை வயது மகள் வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு புளியங்கொட்டை. அதை மூக்கில் திணித்துக்கொள்வாளோ என்று நானே எடுத்து ஒளித்துவிட்டேன்.

"நெசமாவே ஒரு வெளக்கு வெச்சரலாங்க," என்றார் நண்பர். "ஒரு கரண்டி எண்ணெய். அது அணைஞ்சா குகையும் இருட்டு. அப்பத்தான் ஒரு பயம் வரும்."

எனக்குப் பயம் எப்போதும் கையிருப்பில் உண்டு.

நிறைய யோசித்து, குழந்தையை விடும் மரக்கூண்டின் நடுவில் தாம்பாளம் வைத்து அதன்மேல் அகலை வைத்தேன். தீ உள்ளே, மகள் வெளியே. அவள் கம்பியைப் பிடித்து நின்று, தன் இடத்துக்கு வந்த புது ஆளை முறைத்துக்கொண்டிருந்தாள். இது சரியான ஏற்பாடுதானா என்று நான் நாலு தடவை எழுந்து போய்ப் பார்த்தேன்.

பொழுது சாய்ந்தும் விளக்கு அணையவில்லை. நண்பர் கைக்கடிகாரத்தையும் அகலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அப்போதுதான் சமையலறையிலிருந்து மாமியார் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து கூண்டுக்குள் குனிந்தார்.

"ஏனுங்கம்மா, நீங்கதான் ஊத்தறீங்களா?" என்றார் நண்பர்.

"வெளக்கு வெக்கற நேரத்துல எண்ணெ வத்த உடலாமா சாமி?"

கணவர் வாயைப் பொத்திக்கொண்டார். நண்பரோ குரலைத் தாழ்த்தினார். "சரி. வெளிச்சத்தப் பாத்துட்டு ஒரு ராட்சசன் வாரான். பந்தத்த அணைச்சா ஒளிஞ்சுக்கலாம். அதுக்கு அந்த அகல நெசமா அணைக்கோணும்."

நான் எழுந்தேன்.

"எங்க போற?" என்றார் மாமியார்.

"ராட்சசன் வாரானுங்க அத்தை."

"வரட்டும். அதுக்குன்னு வெச்ச வெளக்க அணைப்பாங்களா?"

"அம்மா, அணைக்கலைன்னா இவ செத்துருவா," என்றார் கணவர்.

"பேச்சப் பாரு, வெளக்கு முன்னால. ஊடு தேடி வந்தவனுக்கு ஒரு சொம்புத் தண்ணியக் குடுத்து, என்ன சங்கதின்னு கேளு கண்ணு."

குகையில் என் ஆள் வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தாள். அகலை அணைத்தால் மாமியார், அணைக்காவிட்டால் ராட்சசன். நான் உட்கார்ந்தேன். "அவனுக்குத் தண்ணி குடுக்கறேனுங்க," என்றேன்.

நண்பர் தன் தாள்களைப் புரட்டினார். அப்படி ஒரு வழியை அவர் எழுதி வைத்திருக்கவில்லை. "பகடையப் போடுங்க. பதினஞ்சுக்கு மேல உழுந்தா குடிப்பான்."

பதினேழு விழுந்தது.

"குடிக்கறான்," என்றார் வருத்தத்தோடு. "உக்காந்துட்டான். இன்னொரு சொம்பு கேக்கறான்."

கணவர் கை தட்டினார். எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "காய்ச்சி ஆற வெச்ச தண்ணின்னு எழுதிக்கோங்க," என்றேன்.