வலது பக்கம் பார்த்து நின்றவர்

கண்ணாடிக்கடைக்காரர் ஆடிக்கொண்டே ஒரு பிரேமின் திருகாணியை முடுக்கிக்கொண்டிருக்கிறார். இடுப்புக்கு மேலே வெள்ளைக் கோட்டு, ஒழுங்காகக் கத்தரித்த மீசை, எல்லாம் கௌரவமாகத்தான் இருக்கிறது. கூத்தெல்லாம் கவுண்டருக்குக் கீழே. தரையில் ஓர் உருளை, அதன்மேல் குறுக்கே ஒரு பலகை, பலகையின் இரு முனையிலும் வெறுங்காலை அகட்டி வைத்து அவர். கொஞ்சம் அசந்தால் பலகை ஒரு பக்கம் போகும், ஐம்பத்தொரு வயது மனிதர் இன்னொரு பக்கம் போவார்.

"தம்பி, எனக்குத் தலை சுத்துதா, இல்ல நீங்க ஆடுறீங்களா?" என்று கேட்டார், கண்ணைச் சோதிக்க வந்த பெரியவர்.

"நான்தாங்க ஆடுறேன். உங்க கண்ணுக்கு ஒரு குறையும் இல்ல."

இத்தனையும் பனிக்காக. மலைச்சரிவில், இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நின்றபடி வழுக்கிப் போகும் விளையாட்டை அவருக்கு நாற்பத்தாறு வயதில் மகள் பழக்கிவிட்டாள். பனி இல்லாத மாதங்களில் கால் அதை மறந்துவிடக் கூடாதே என்றுதான் இந்த உருளை. "எனக்குச் சறுக்க வருதோ இல்லையோ, விழுறது ரொம்ப நல்லா வரும்" என்பார். போன குளிர்காலத்தில் மணிக்கட்டை உடைத்துக்கொண்ட கதையைக் கேட்காதவர்களுக்கும் சொல்வார். வேகமாக வந்து விழுந்திருந்தாலாவது சொல்லிக்கொள்ள ஒரு பெருமை. மேலே போவதற்கு வரிசையில் சும்மா நின்றுகொண்டிருந்தபோது விழுந்தார். முன்னால் நின்ற சின்னப் பெண் திரும்பிப் பார்த்து, "ஐயோ பாவம்" என்றாளாம்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டவர் மனைவி. தபால் நிலையத்தில் வேலை, பேச்சும் முத்திரை குத்துகிற மாதிரிதான் இருக்கும். "எதையும் பிடிக்காம அந்தப் பலகை மேல பத்து நிமிஷம் நின்னு காட்டுங்க. இல்லேன்னா மலையும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது" என்று சொல்லிவிட்டார்.

மலை போனால் போகட்டும் என்று அவரால் விட முடியவில்லை. மகளுக்கு வேறு ஊரில் வேலை. தொலைபேசியில் "நல்லா இருக்கேன்ப்பா, சாப்ட்டேன்ப்பா" என்பதோடு சரி. ஆனால் சரிவின் உச்சிக்கு ஏற்றிப்போகும் தொங்கு நாற்காலியில் இருவரும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்ததும் அவளுக்கு எங்கிருந்துதான் பேச்சு வருமோ! மேலாளர் படுத்தும் பாடு, யாரைப் பிடித்திருக்கிறது, போன மாதம் எதற்காக அழுதாள், எல்லாம் கொட்டுவாள். மேலே போய்ச்சேரப் பன்னிரண்டு நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் விழுவார்.

மூன்று மாதம் விடாமல் பழகினார். சுவர்க் கண்ணாடி ஒன்று உடைந்தது, விலை கூடிய பிரேம்கள் மூன்று நசுங்கின. போன ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, மனைவி கைபேசியில் நேரம் பார்க்க, பத்து நிமிடம் பதினான்கு விநாடி நின்றார். வெற்றிக் களிப்பில் குனிந்து வணக்கம் போட்டபோது விழுந்தார். அது சேர்த்தி இல்லை என்று மனைவியே பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை பயணம் என்று முடிவாயிற்று.

அவர் பலகைமேல் நின்றபோது மனைவி எடுத்த படத்தை மகளுக்கு அனுப்பிவைத்தார். திங்கட்கிழமை மதியம் அவள் கூப்பிட்டாள்.

"அப்பா, தலையத் திருப்பி எங்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

"கடை வாசலைம்மா. யாராவது வந்தா சட்டுனு இறங்கணும்ல? பழக்கமாயிடுச்சு."

"வாசல் உங்களுக்கு வலது பக்கம். பனியில நீங்க இடது காலை முன்னால விட்டுப் போறவரு. இடது தோளுக்கு மேலதானே பாக்கணும்? மூணு மாசமா பின்பக்கமாப் போகவா பழகினீங்க?"

அவர் பலகையில் ஏறி இடது பக்கம் தலையைத் திருப்பினார். மறு விநாடி தரையில் இருந்தார்.

"ஊர்ல உள்ளவங்க கண்ணையெல்லாம் சோதிக்கிறேன். நான் எந்தப் பக்கம் பாக்குறேன்னு எனக்கே தெரியல" என்று வழக்கம்போலச் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை.

"அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன்ப்பா" என்றாள் மகள் மெதுவாக.

மனைவிக்கு இந்த இடது வலது சங்கதி ஒன்றும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பயணம் நிச்சயம். சாயங்காலம் வரை மூடிக்கொண்டுதான் இருந்தார். மனைவி வேலை முடிந்து கடைக்குள் வந்ததும், அந்த இரண்டு மாதப் பொத்தான்கள் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தன.

"ஞாயித்துக்கிழமை நின்னது செல்லாது. தப்பான பக்கம் பாத்து நின்னுட்டேன். மறுபடியும் நேரம் பாரு" என்று எல்லாவற்றையும் சொன்னார்.

மனைவி கைப்பையைக் கவுண்டர்மேல் வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தார். முதல் தடவை ஆறு விநாடி, இரண்டாவது தடவை பதினொன்று. அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, மனைவியின் முகத்தைப் பார்க்காமல் மூன்றாம் தடவை ஏறினார்.

மனைவி கவுண்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். "ம், அந்தப் பக்கம் பாருங்க" என்றார். ஒரு கையில் கைபேசி நேரத்தை எண்ணிக்கொண்டிருக்க, மறு கையால் கணவரின் பெல்ட்டைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.