ஏலக்காய் மணமென்று நினைத்தது

மாமா அந்த டர்போ வண்டியைச் செகண்ட் ஹேண்டில் வாங்கிவந்த அன்றே, சுருளிப்பட்டியில் அதைப் பற்றி அதிகம் தெரிந்த ஆள் நான்தான் என்று முடிவுசெய்துகொண்டேன். அப்போது ஆறாம் வகுப்பு. பழைய கார் பத்திரிகைகளைப் படம் பார்ப்பதோடு நிறுத்தாமல் வரி விடாமல் படிக்கிற பெண் எங்கள் தெருவில் வேறு யாரும் இல்லை. டர்போ என்றால், வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு குட்டிச் சக்கரம் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் என்று வந்தவர் போனவருக்கெல்லாம் விளக்கினேன். மாமா என் அத்தையின் வீட்டுக்காரர், ஏலக்காய் வியாபாரி. மருமக சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சிரிக்காமல் தலையாட்டுவார்.

வண்டிக்குள் எப்போதும் இனிப்பாக ஒரு வாசனை. யாரும் கண்டுகொள்ளவில்லை. பின்சீட்டை மடக்கி ஏலக்காய் மூட்டை ஏற்றுகிற வண்டியில் வேறென்ன மணக்கும்? எங்கள் பக்கத்தில் பாதி வண்டிகள் அப்படித்தான். எஞ்சினைக் குளிரவைக்கிற கூலண்ட் மட்டும் வாரத்துக்கு வாரம் குறைந்தது. மாமா காலையில் குனிந்து வண்டிக்கு அடியில் பார்ப்பார், தரை காய்ந்திருக்கும். ஒழுகலையே என்று முனகியபடி ஊற்றி நிரப்பிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

அந்த வருஷம் வண்டியைப் பார்க்க அவருக்கு மனசும் இல்லை. அத்தைக்கு வயிற்றில் கட்டி. மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், கோட்டயத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறை போய்வந்ததும் அத்தை இன்னும் கொஞ்சம் இளைத்திருப்பாள். தலையில் எந்நேரமும் துண்டு. அடுத்த முறை கிளம்பியபோது எனக்கு முழுப்பரீட்சை லீவு. அடம்பிடித்து ஏறிக்கொண்டேன். டர்போ மலையேறுவதைப் பார்க்க வேண்டும் எனக்கு.

மலையடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே நகர்ந்தது. முன்னால் ஒரு லாரி ஊர்ந்தது, ஒதுங்க இடமில்லை. மாமா ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுசாகத் திருகினார். எஞ்சினின் சூட்டில் கொஞ்சத்தை நாங்கள் வாங்கிக்கொள்ளும் வழி அது. சித்திரை வெயில் வேறு. எனக்கும் அவருக்கும் வியர்த்துக் கொட்டியது. கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்து, செத்த நேரம் பொறுத்துக்கோ என்றார்.

"இருக்கட்டுங்க, எனக்கு இதமாத்தான் இருக்கு" என்றாள் அத்தை. காலைக்கூட நீட்டிக்கொண்டாள்.

ஒரு வளைவில் அகலமான இடம் கிடைத்ததும் நிறுத்தினோம். மாமா பானட்டைத் திறந்தார். கூலண்ட் ஊற்றுகிற மூடியில் கை வைக்கவில்லை; சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆறட்டும் என்று காத்திருந்தோம். கீழே மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்கள் வெயிலில் மினுங்கின. நான் சும்மா இருப்பேனா? மூக்கை நீட்டினேன். அதே இனிப்பு வாசனை. ஆனால் அன்று வண்டியில் மூட்டையே இல்லை. அத்தைக்கு மணம் குமட்டுகிறது என்று முந்தின நாளே மாமா எல்லாவற்றையும் இறக்கி, உள்ளே கழுவித் துடைத்திருந்தார். அப்படியென்றால் இது ஏலக்காய் இல்லை. கூலண்டும் இனிப்பாகத்தான் மணக்கும் என்று பத்திரிகையில் படித்திருந்தேன்.

டர்போவுக்குப் போகும் சின்ன ரப்பர் ஹோஸின் முனையில் உப்புப் பூத்தது போல வெள்ளைத் தடம் இருந்தது. கசிந்த துளியெல்லாம் சுடுகிற டர்போ மேல் விழுந்து அங்கேயே ஆவியாகியிருக்கிறது. தரை எப்படி நனையும்? மாமாவை இழுத்துவந்து காட்டினேன். எஞ்சின் நன்றாக ஆறியபின் கிளிப்பை இறுக்கினார். குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றினார். வண்டியை ஓடவிட்டு நெடுநேரம் குனிந்து பார்த்தார். கசியவில்லை. முள் நடுவில் நின்றது. இனி கோட்டயம் வரைக்கும் போகலாம் என்று நான் அறிவித்தேன்.

அத்தை சாலையோரக் கட்டைச்சுவரில் உட்கார்ந்து கீழே பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா கையை நீட்டினார். அவள் எழவில்லை.

"வீட்டுக்கே விடுங்க."

"அதான் வண்டி சரியாயிருச்சே புள்ள. மருமக கண்டுபிடிச்சுட்டால்ல."

"வண்டி சரியாயிருச்சு. எனக்குப் போதும்ங்க."

"டாக்டர் இன்னைக்கு வரச் சொல்லியிருக்காக."

அத்தை தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமா நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றார். பிறகு வந்து பானட்டை மூடினார். அது சரியாக விழவில்லை. தூக்கி மறுபடி மூடினார். வண்டியைத் திருப்பினார், கீழ்நோக்கி.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அத்தை வண்டியை நம்பவில்லை என்று நினைத்தேன். முள்ளைப் பாருங்கள், அசையவே இல்லை என்று ஒவ்வொரு வளைவிலும் நிரூபித்துக்கொண்டே வந்தேன். லோயர் கேம்ப் நெருங்கும்போது, அந்த ஹீட்டரைக் கொஞ்சம் போடச் சொன்னாள் அத்தை. வண்டிதான் சூடாகவில்லையே, இப்போது எதற்கு என்று கேட்டேன். மாமா முழுசாகத் திருகிவிட்டார்.

உள்ளே அந்த இனிப்பு வாசனை துளியும் இல்லை. அதையும் அவர்களிடம் சொல்லிக் காட்டினேன்.